சம்பந்திகள் போன யாத்திரை

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வாழையிலை விரித்து உட்கார்ந்திருந்தபோதுதான் கிளாரன்ஸ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"அதென்ன சம்பந்தி, நீங்க தனியா பஸ்ல போறது? எங்க கார்லயே வாங்களேன்" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த மிரண்டா, கிளாரன்ஸுடைய மகள் செரினாவின் மாமியார். சம்பந்தியை இப்படிக் கூப்பிடுவது மரியாதை. "இருக்கட்டும் சம்பந்தி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று மறுப்பது அதைவிடப் பெரிய மரியாதை. அந்த மறுப்பு வரும் என்ற நம்பிக்கையில் கிளாரன்ஸ் ரசக்காரரைக் கைகாட்டி அழைத்தார்.

மிரண்டாவுக்கு வேறு யோசனை ஓடியது. கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் இரண்டு தடவை விருந்துக்குக் கூப்பிட்டும் போக முடியவில்லை. இதையும் வேண்டாம் என்றால் பையனைப் பெற்ற திமிர் என்று நினைத்துவிட மாட்டார்களா?

"சரி சம்பந்தி. வர்றேன்" என்றார்.

கிளாரன்ஸ் சோற்றில் குழி பறிக்க மறந்துபோனதால், ஊற்றிய ரசம் இலையைத் தாண்டி அவர் மடிக்கு வந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி உர்சுலா, முகத்தில் சிரிப்பு மாறாமல், மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

ஒவ்வொரு ஜூலை மாதமும் வட மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா நடக்கும். சிங்கப்பூரிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போவார்கள். தமிழ்ப் பூசைக்கு வரும் பங்கு மக்களுக்காக இயேசுதாசன் என்பவர் பஸ் ஏற்பாடு செய்வார். குளிர்சாதனம், சாய்வு இருக்கை, வழி நெடுக ஜெபமாலை, நடுநடுவே கரவோக்கே எல்லாம் உண்டு. இவ்வளவு வசதியையும் விட்டுவிட்டு இந்த வருஷம் சொந்தக் காரில் போவது என்று கிளாரன்ஸ் முடிவு செய்திருந்தார்.

சொந்தக் கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. அவரைவிட நான்கைந்து வயதுதான் இளையது. பட்டாணிப் பச்சை நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. அதைச் செய்த இங்கிலீஷ் கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. கிளாரன்ஸ் ஜூரோங்கில் கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்ற ஆண்கள் பூச்செடி வளர்த்தார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். இவர் இந்தக் காரை வாங்கினார். பழைய வண்டி என்பதால் வருஷத்தில் சில நாள்கள்தான் ரோட்டில் எடுக்க அனுமதி. மிச்ச நாளெல்லாம் அதைத் துடைப்பார், அடியில் படுத்துக் கிடப்பார், எழுந்து மறுபடியும் துடைப்பார்.

உர்சுலா அந்தக் காருக்கு 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தார். யாராவது போன் செய்து கிளாரன்ஸ் எங்கே என்று கேட்டால், "அவரா? கீழ சின்ன வீட்டுல இருக்காரு" என்பார். தெரியாதவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிடுவார்கள்.

அன்று வீடு திரும்பும் வழியில் எம்ஆர்டி ரயிலில் உர்சுலா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏசி இல்லாத வண்டியில அந்தம்மாவை அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போகப் போறீங்களா? அவங்க வீட்டுல பாத்ரூம்ல கூட வாசனை மெழுகுவத்தி வச்சிருக்காங்க."

"அவங்க வேணாம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்லா."

"நீங்க எதைத்தான் சரியா நெனச்சிருக்கீங்க?"

உர்சுலாவின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. செரினாவும் அவள் கணவன் ஜெரோமும் இப்போது ஹவ்காங்கில் மிரண்டாவோடு இருக்கிறார்கள். அரசாங்கம் கட்டித்தரும் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். எந்த வட்டாரத்தில் என்று கேட்டால் இருவரும் வாயைத் திறப்பதில்லை. "குலுக்கல்ல நம்பர் வரட்டும்மா, அப்புறம் சொல்றேன்" என்று செரினா நழுவிவிடுவாள். அது ஜூரோங்காக இருக்க வேண்டும் என்று உர்சுலா அன்னம்மாளுக்குப் பொருத்தனை வைத்திருந்தார். அதற்காகச் சிராங்கூன் ரோட்டு நகைக்கடை ஒன்றில் யாருக்கும் தெரியாமல் காணிக்கை வைக்கக் கட்டைவிரல் அளவில் வெள்ளியில் ஒரு வீடு வாங்கிவைத்திருந்தார். ஹவ்காங் சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போது அந்த வேண்டுதலை எப்படிச் சொல்வது?

கிளம்பும் நாள் விடிந்தும் விடியாமலும் மிரண்டா ஜூரோங் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய பெட்டி, கழுத்தில் மாட்டும் சின்ன மின்விசிறி, வெயிலுக்குத் தொப்பி. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர் பார்க்கிற பார்வை அது.

"ரொம்ப... அழகா இருக்கு சம்பந்தி" என்றார்.

பிறகு முன் சீட்டில் யார் உட்காருவது என்ற பிரச்சினை வந்தது.

"நீங்க முன்னாடி உக்காருங்க சம்பந்தி, காத்து வரும்" என்றார் உர்சுலா.

"ஐயோ, அது உங்க இடம். நான் பின்னாடியே வசதியா இருப்பேன்."

"பின்னாடி ஸ்பிரிங் குத்தும்."

"எனக்குக் குத்தினா பரவால்ல, உங்களுக்குக் குத்தக் கூடாது."

கீழ்த்தளத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். முடிவில் இரண்டு பெண்களும் பின்னால் உட்கார்ந்தார்கள். கிளாரன்ஸ், காலியான முன் சீட்டில் புளிச்சோற்றுக் கூடையை வைத்து, வாடகைக் கார் ஓட்டுநர் போலத் தனியாக ஓட்டிக்கொண்டு போனார்.

விரைவுச்சாலையில் எல்லாரும் அவர்களை முந்தினார்கள். மோட்டார் சைக்கிள், சிமெண்ட் லாரி, துவாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் எல்லாம் முந்தின. சிலர் முந்தும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அப்போதெல்லாம் கிளாரன்ஸுக்கு முதுகு நிமிர்ந்தது. துவாஸ் நெருங்கும்போது பங்கு பஸ்ஸும் வந்து முந்தியது. சன்னலில் இயேசுதாசனின் முகம் தெரிந்தது. கயிறு கட்டி இழுப்பது போல அவர் இரண்டு கையாலும் சைகை காட்டினார். பஸ் முழுக்கச் சிரிப்பது வெளியே கேட்கவில்லை. கேட்காமலே கிளாரன்ஸுக்குப் புரிந்தது.

துவாஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் பள்ளி விடுமுறை மாதிரி கூட்டம். வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது, வருஷம் முழுக்க அதுதான். ஆனாலும் அன்றைய வெயிலுக்கு ஏதோ சொந்தப் பகை இருந்தது போலிருந்தது. மிரண்டா கழுத்து விசிறியை உர்சுலாவின் பக்கம் திருப்பினார். உர்சுலா அதை மிரண்டாவின் பக்கம் திருப்பினார். இப்படியே விசிறி போய் வந்ததில் காற்று யாருக்கும் கிடைக்கவில்லை.

ஒருவழியாக அதிகாரி பக்கத்தில் வந்தார். சட்டையில் அஹ்சன் என்று பெயர். இளைஞர், சிரித்த முகம். குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்ட வேண்டுமானால் டேங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். முள் பாதியில் நின்றது.

"அங்கிள், ஹாஃப் டேங்க் ஒன்லி. கேனாட் லா."

"ஃபுல் டேங்க் தம்பி! நேத்துத்தான் அடிச்சேன்" என்று கிளாரன்ஸ் ஆங்கிலத்தில் பதறினார். "முள்ளு மட்டும்தான் பாதியில நிக்கும். வாங்கின நாள்லேர்ந்து அப்படித்தான்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்றது பின் சீட். இரண்டு குரலும் சேர்ந்தே வந்தன.

கிளாரன்ஸ் டாஷ்போர்டைத் தட்டினார். முள் அசையவில்லை. குத்தினார். முள் மெல்ல அசைந்து கால் பங்குக்கு இறங்கியது. அஹ்சன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். டேங்க் மூடியைத் திறந்து காட்டுகிறேன் என்று கிளாரன்ஸ் கதவைத் திறந்து இறங்கிய அந்த நேரத்தில், காரின் முன் மூடிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பியது. இட்லிப் பானையைத் திறந்தது போல வரிசை முழுக்கப் பரவியது.

அஹ்சன் ஆவி விலகும்வரை பொறுமையாக நின்றார்.

"அங்கிள், இப்ப டேங்க் ஓகேன்னாலும் வண்டி நாட் ஓகே. யூ-டர்ன் பண்ணிடுங்க. பத்திரமா போங்க."

ஆங்கிலத்தில் அவ்வளவு மட்டும் சொன்னார். நாலு பேரை அழைத்து வண்டியைத் தள்ளித் திருப்பியும் விட்டார். போகும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கிளாரன்ஸ் அந்த நிலையிலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார்.

சிறிது தூரம் உருட்டி வந்து, தொழிற்சாலைகளுக்கு நடுவே மர நிழல் ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். எஞ்சின் ஆறினால்தான் தண்ணீர் ஊற்ற முடியும். மூவரும் புல்லில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் போவதாகப் பங்கில் பாதிப் பேரிடம் சொல்லியாயிற்று. காலைப் பலகாரம் ஆறுவதற்குள் வீடு திரும்பினால் யார் முகத்தில் விழிப்பது?

"கை துடைக்கத் துணி எங்க?" என்று கிளாரன்ஸ் கேட்டார்.

"கூடைக்குள்ள பாருங்க" என்றார் உர்சுலா.

கூடைக்குப் பக்கத்தில் மிரண்டாவின் கைப்பையும் இருந்தது. கிளாரன்ஸ் அவசரத்தில் இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்தார். சோற்றுப் பாத்திரம், ஜெபமாலை, தலைவலித் தைலம் எல்லாவற்றோடும் இரண்டு சின்னச் சிவப்புப் பெட்டிகள் விழுந்தன. இரண்டிலும் ஒரே நகைக்கடையின் பெயர். விழுந்த வேகத்தில் மூடி திறந்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வெள்ளி வீடு புல்லில் உருண்டது. ஒரே அச்சு, ஒரே ஓட்டுக்கூரை, ஒரே சன்னல்.

கிளாரன்ஸ் இரண்டையும் கையில் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என் காரைச் சின்ன வீடுன்னு சொல்லுவே. இங்க ரெண்டு சின்ன வீடு ஓடுதே" என்றார் மனைவியிடம்.

உர்சுலா சிரிக்கவில்லை. மிரண்டாவைப் பார்த்தார். மிரண்டா எதிரே இருந்த தொழிற்சாலைச் சுவரைப் பார்த்தார்.

"நீங்களும் வீட்டுக்குத்தான் வேண்டிக்கிட்டீங்களா சம்பந்தி?" என்று உர்சுலா கேட்டார்.

"ஆமா."

"எங்க கிடைக்கணும்னு?"

மிரண்டா சற்றுத் தயங்கினார். "ஹவ்காங்ல."

"நான் ஜூரோங்னு வேண்டிக்கிட்டேன்."

"அன்னம்மா பாடு திண்டாட்டம்தான்" என்றார் கிளாரன்ஸ். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

"ஜூரோங்ல என்ன சம்பந்தி இருக்கு? ஃபேக்டரியும் புகையும்" என்றார் மிரண்டா. கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் மரியாதையில்லாத வார்த்தை அது.

"ஹவ்காங்ல மட்டும் என்ன வாழுதாம்? பஸ்ஸுக்கு நின்னு நின்னே ஆயுசு போயிடும்."

"பிள்ளைங்க இப்ப அங்கதானே இருக்காங்க. பழகிடுச்சு."

"அதைத்தான் சொல்றேன்! இவ்ளோ நாள் உங்ககூடதானே இருந்தா?" என்றார் உர்சுலா. "என் பொண்ணு ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றா. வந்து உக்காந்ததும் எம்ஆர்டி நேரம் பாக்கறா. கொழம்பை டப்பாவுல போட்டுக் குடுங்கம்மா, அங்க போய்ச் சாப்பிடறேன்னு சொல்றா."

மிரண்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அந்த டப்பாவை யாரு சாப்பிடறான்னு நெனச்சீங்க? நான்தான். அவங்க ரெண்டு பேரும் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்காங்க. பசிச்சா போன்லயே ஆர்டர் பண்ணிக்கறாங்க. பக்கத்து ரூம்ல இருக்கற எனக்கு மெசேஜ் வருது, 'குட் நைட் மம்மி'னு. உங்க வீட்டுக்கு வந்தா உங்ககூட உக்காந்தாவது பேசறா இல்ல?"

சாலையில் ஒரு லாரி போய் மறைந்தது. உர்சுலா புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். முதல் தட்டை மிரண்டாவிடம் நீட்டினார்.

"அந்த மீன் கொழம்பு நல்லா இருந்துச்சா?"

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் மிரண்டா.

உர்சுலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிரண்டாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் கிளாரன்ஸும் சேர்ந்து சிரித்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டு அவரைத் திட்டத் தொடங்கினார்கள். முள் கதையை மறைத்தது, ஏசி இல்லாத வண்டி, கூப்பிட்ட விதம், ரசம் கொட்டியது, ஒன்று விடாமல். திட்டு முடிவதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது.

தண்ணீர் ஊற்றியதும் கார் ஒன்றுமே நடக்காதது போல முதல் திருகலில் உயிர் பெற்றது.

"வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கிளாரன்ஸ் ஈனக் குரலில் கேட்டார்.

"கட்டுச்சோறு கட்டியாச்சு, லீவு சொல்லியாச்சு" என்றார் உர்சுலா. "செங்காங்ல ஒரு அன்னம்மா கோயில் இருக்கில்ல? அங்க இருக்கறதும் இங்க இருக்கறதும் ஒரே அன்னம்மாதானே."

"விரைவுச்சாலை வேணாம்" என்றார் மிரண்டா. "சுத்திப் போவோம். இவ்ளோ நாள் இங்கயே இருந்துட்டு, இந்த ஊரை நான் ஒரு தடவைகூட ஓரமா சுத்திப் பாத்ததில்ல."

அப்படித்தான் அவர்கள் தீவைச் சுற்றக் கிளம்பினார்கள். எழுநூறு கிலோமீட்டர் போக வேண்டிய யாத்திரை, எங்கு திரும்பினாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து மறிக்கிற ஒரு தீவுக்குள் நடந்தது. கிளாரன்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. இருக்கிற சாலைகளில் வளைந்த சாலையாகப் பார்த்துப் போனார். லிம் சூ காங்கில் கல்லறைத் தோட்டங்களைத் தாண்டும்போது மூவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். காய்கறிப் பண்ணை ஒன்றில் இறங்கி கீரைக்கட்டு வாங்கினார்கள். கிராஞ்சியில் எஞ்சின் ஆறுவதற்காக நின்றார்கள். நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர் கட்டடங்கள் தெரிந்தன. "அதோ, மலேசியா. பாத்தாச்சு" என்றார் உர்சுலா. மண்டாயில் மறுபடி நின்றார்கள். நின்ற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் வந்து, "என் அப்பா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு" என்று ஆரம்பித்தார். கிளாரன்ஸ் எஞ்சினைத் திறந்து காட்டினார். வெளியே தலையை நீட்டி, "அங்கிள் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கதை சொல்லுவாரு, ஓடிப் போயிடுங்க" என்று எச்சரித்தவர் மிரண்டா. அவருக்கு இப்படிக் கேலி பேச வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

செங்காங் போய்ச் சேரும்போது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. கோயிலுக்குள் குளிர்ச்சியாக, ஆளரவம் இல்லாமல் இருந்தது. மகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற கோலத்தில் அன்னம்மாள் நின்றார். இரண்டு பெண்களும் வெள்ளி வீடுகளை அவர் காலடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து முழந்தாளிட்டார்கள்.

முதலில் மிரண்டா எழுந்தார். உர்சுலா எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் மிரண்டா மறுபடி முழந்தாளிட்டார். சற்றுப் பொறுத்து உர்சுலா எழுந்தார். மிரண்டா அசையவில்லை. உர்சுலாவும் திரும்ப முழந்தாளிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிளாரன்ஸ், ரேடியேட்டருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடித்துவிட்டு, இந்தப் போட்டி எப்போது ஓயும் என்று காத்திருந்தார். இருவருக்குமே முட்டி வலி என்பது அவருக்குத் தெரியும். அதனால் வெகுநேரம் ஆகாது என்று கணித்தார். சரியாகவே கணித்தார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள்.

வெளியே வந்து நடைபாதையில் நிற்கும்போது செரினா வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா! மலாக்கா தாண்டியாச்சா?"

"ரொம்ப தூரம் வந்துட்டோம்லா" என்றார் கிளாரன்ஸ். அது பொய் இல்லை.

"வண்டி எப்படி?"

"அது பாட்டுக்கு ஓடுது."

"சரி, அம்மாவையும் மாமியையும் பக்கத்துல கூப்பிடுங்க. நம்பர் வந்துடுச்சு. நல்ல நம்பர், வீடு கிடைச்ச மாதிரிதான்."

இரண்டு தலைகளும் கிளாரன்ஸின் இரண்டு தோளுக்கு மேலே முளைத்தன.

"எங்க?" என்று இருவரும் கேட்டார்கள்.

செரினா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஜெரோம் வந்து நின்றான், தைரியம் கொடுப்பது போல. "செம்பவாங்."

ஜூரோங்குக்கும் பக்கம் இல்லை, ஹவ்காங்குக்கும் பக்கம் இல்லை. தீவின் உச்சந்தலையில் இருக்கிற இடம்.

"ரெண்டு வீட்டுலேர்ந்தும் மேப்ல அளந்துதான் போட்டோம்" என்றான் ஜெரோம் அவசரமாக. "யாருக்கும் வருத்தம் வரக் கூடாதுன்னு."

"இப்ப ரெண்டு பேருக்கும் வருத்தம்" என்றார் மிரண்டா.

"ஒரு நிமிஷம்" என்றாள் செரினா. அவள் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "அப்பா, உங்க பின்னாடி போறது என்ன?"

கிளாரன்ஸ் திரும்பிப் பார்த்தார். மேம்பாலத்தில் ஒற்றைப் பெட்டி எல்ஆர்டி ரயில் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மலேசியாவுலயும் இப்ப..." என்று தொடங்கினார்.

"அப்பா, அது செங்காங் எல்ஆர்டி."

உண்மை வெளியே வந்தது. துவாஸ், அஹ்சன், இட்லிப் பானை எல்லாவற்றையும் உர்சுலா ஒன்று விடாமல், கொஞ்சம் கூட்டியே சொன்னார். போனுக்கு அந்தப் பக்கம் இருவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். "அப்ப பக்கத்துலதானே இருக்கீங்க? போய் இடத்தைப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் செரினா.

செம்பவாங்கில் பார்க்க ஒன்றும் இல்லை. தகர வேலி, வேலிக்குள் செம்மண், இரண்டு பாரந்தூக்கி. வேலியில் இருந்த இடைவெளியில் ஆளுக்கொரு கண்ணை வைத்து இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

"எத்தனாவது மாடியோ" என்றார் உர்சுலா.

"எதுவா இருந்தாலும் கதவைச் சாத்திக்கத்தான் போறாங்க" என்றார் மிரண்டா. பிறகு சொன்னார்: "ஒரு வேலை செய்வோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் சேர்ந்தே வருவோம். ஒரே நேரத்துல ரெண்டு மாமியார் வாசல்ல நின்னா எப்படிச் சாத்துவாங்கன்னு பாப்போம்."

உர்சுலாவுக்கு அந்தத் திட்டம் மிகவும் பிடித்துப்போனது.

கிளம்பலாம் என்று ஏறியபோது கார் இருமியது, முனகியது, அடங்கிவிட்டது. கிளாரன்ஸ் எத்தனை திருகியும் எழவில்லை.

"கொஞ்சம் தள்ளணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அறுபதைத் தாண்டிய இரண்டு சம்பந்தியம்மாக்கள் கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, செம்பவாங்கின் ஆளில்லாத சாலையில், பச்சைக் காரைத் தள்ளினார்கள். சாலை லேசாகச் சரிந்திருந்ததால் கார் வேகம் பிடித்தது. கிளாரன்ஸ் கிளட்சை விட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டு விழித்தது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமே என்ற பயத்தில் அவர் நிறுத்தாமல், சாலை முடிகிற வட்டத்தில் திரும்பி வந்து, கையை ஆட்டியபடி அவர்களைக் கடந்து போனார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் உர்சுலா.

"நிறுத்த முடியாது! ஓடி வந்து ஏறுங்க!"

"யாரைப் பாத்து ஓடி வரச் சொல்றீங்க?"

மறுபடியும் ஒரு வட்டம் வந்தார். மிரண்டா ஓரமாக நின்று, பேருந்தை மறிப்பது போலக் கையை நீட்டினார். பழக்க தோஷத்தில் கிளாரன்ஸ் பிரேக்கை மிதித்துவிட்டார். எஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு அது எதற்கும் மசியவில்லை.

இழுவை வண்டிக்கு போன் போட்டார்கள். அது வரும்வரை காத்திருக்க இரண்டு பெண்களுக்கும் உத்தேசம் இல்லை. "பசிக்குது. நாங்க எம்ஆர்டியில லிட்டில் இந்தியா போயி ஏதாவது சாப்பிடறோம். நீங்க உங்க சின்ன வீட்டைக் கூட்டிக்கிட்டு மெதுவா வாங்க" என்று உர்சுலா சொல்லிவிட்டு, மிரண்டாவின் கையைப் பிடித்து நடந்தார். பெட்ரோல் வாசனையோடும் கீரைக்கட்டோடும் கிளாரன்ஸ் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

இழுவை வண்டியை ஓட்டி வந்தவர் முகைதீன், நடுவயதுக்காரர். காரை மேலே ஏற்றிக் கட்டும்போது, மணப்பெண்ணைப் பல்லக்கில் ஏற்றுகிறவர்போல் கிளாரன்ஸ் கூடவே சுற்றி வந்தார். "பாத்து தம்பி, அங்க பெயின்ட்... அந்தக் கொக்கி வேணாம், இந்தக் கொக்கி..."

"அங்கிள், நான் உள்ள ஏறி உக்காந்துக்கறேன், நீங்களே கட்டுங்க" என்றார் முகைதீன். கட்டி முடித்ததும், "எங்க இறக்கணும்? ஜூரோங்கா?" என்று கேட்டார்.

கிளாரன்ஸுக்கு வயிறு கூப்பிட்டது. "போற வழியில லிட்டில் இந்தியாவுல ஒரு தோசை சாப்பிட்டுப் போவோமா? நான் வாங்கித் தர்றேன்."

"அது போற வழியே இல்லியே" என்றார் முகைதீன். ஆனாலும் அவரும் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்தி நேரத்தில் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டில் நடப்பதற்கே இடம் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, சுற்றிலும் மஞ்சள் விளக்கு மினுமினுக்க, இழுவை வண்டியின் உச்சியில் பச்சைக் கார் மெதுவாக வந்தது. பூக்கடைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். போன்கள் உயர்ந்தன. துவாஸிலிருந்து வந்து சாமான் வாங்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் விசிலடித்தார்கள். முன்னிருக்கையில் முகைதீனுக்குப் பக்கத்தில் இருந்த கிளாரன்ஸ், வேறு வழியில்லாமல் கையை உயர்த்தி எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்.

கடை வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த மிரண்டா தம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்க புக்கிட் மெர்தாஜாம்ல தேர் எடுக்கறதுக்குள்ள இங்க எடுத்துட்டாங்க."

"கூடவே சாமியும் வருது பாருங்க" என்றார் உர்சுலா.

பின்பக்கத்துத் திடலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கிளாரன்ஸும் முகைதீனும் உட்கார்ந்தார்கள். பெண்கள் இருவரும் அவர்களைக் கவனிக்கவே இல்லை. செம்பவாங் வீட்டில் மீன் வாசனை வெளியே போவதற்குச் சமையலறை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் அஸ்திவாரமே போடாத வீட்டின் குழாயடி வரைக்கும் போயிருந்தது பேச்சு. முகைதீன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

"ஆமா" என்றார் உர்சுலா சட்டென்று. "இவங்கதான் மூத்தவங்க."

"யாரு மூத்தவ?" என்று மிரண்டா நிமிர்ந்தார். "உன்னைவிட நான் ஆறு மாசம் சின்னவ!"

'உன்னை' என்று வாயில் வந்துவிட்டதை உணர்ந்து ஒரு கணம் நிறுத்தினார். உர்சுலா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "நீ மொதல்ல சாப்பிடு, தோசை ஆறுது" என்றார்.

கிளாரன்ஸ் வாயைத் திறக்காமல், இன்னொரு மசால் தோசைக்குக் கை காட்டினார்.